திருவாதிரையிலிருந்து தொடங்குவோம்: வானம் பார்ப்பதற்கு முதல் பாடம்

வானம் பார்க்க ஆசை வந்ததும் பலரும் முதலில் விசாரிப்பது தொலைநோக்கியைப் பற்றித்தான். அதைக் கடைசியில் வாங்கினால் போதும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணத் தொலைநோக்கியில், மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில்கூட, ஒரு நேரத்தில் தெரிவது சுமார் 1 பாகை அகலமுள்ள வட்டம்; இரண்டு முழுநிலவுகளை அருகருகே வைத்தால் அடங்கும் அளவு. நம் தலைக்கு மேல் விரிந்திருக்கும் வானத்தில் அப்படிப்பட்ட வட்டங்கள் 20,000-க்கும் மேல் இருக்கின்றன. எந்த வட்டத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் குழாயைத் திருப்பிக்கொண்டே இருப்பவருக்கு ஒரு வாரத்தில் ஆர்வம் வடிந்துவிடும்.

ஆகவே இந்த விளக்கத்தில் வெறும் கண்ணிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தொடங்கி, பைனாகுலருக்குப் போய், இறுதியில் தொலைநோக்கிக்கு வருவோம். நடுவில், எந்தக் கருவியும் இல்லாமல் ஒரு விண்மீனின் ஒளியை அளந்து பார்க்கப் போகிறீர்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்தப் பயிற்சிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். விண்மீனைப் பார்த்து ரசிப்பவர் நோக்கராக மாறும் இடம் அதுதான்.

1. கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்

மொட்டை மாடியோ திறந்த வெளியோ, எதுவானாலும் சரி. விளக்கு எதுவும் நேரடியாகக் கண்ணில் படாத இடமாக இருந்தால் போதும். தெருவிளக்கு இருந்தால் ஒரு சுவரின் நிழலில் நின்றுகொள்ளுங்கள். பிறகு 20 முதல் 30 நிமிடங்கள் காத்திருங்கள்.

கண்ணின் பாவை சில நொடிகளிலேயே விரியத் தொடங்கிவிடும். ஆனால் மங்கிய ஒளியைப் பிடிப்பவை விழித்திரையில் உள்ள குச்சிச் செல்கள். வெளிச்சத்தில் சிதைந்துபோன ரோடாப்சின் என்ற நிறமி அவற்றில் மீண்டும் சேர அரை மணி நேரமாவது பிடிக்கும். இதற்கு நடுவில் கைப்பேசித் திரையை ஒருமுறை பார்த்தாலும் காத்திருந்த நேரம் வீணாகிவிடும். அதனால் எழுதவும் வரைபடம் பார்க்கவும் மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறோம். குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஒளி அவ்வளவாகத் தெரியாது. சிறிய டார்ச் லைட்டின் முகப்பில் சிவப்பு செல்லோஃபேன் தாளை நான்கைந்து மடிப்பாக ஒட்டினால் வேலை முடிந்தது.

இன்னொரு உத்தியையும் இன்றே பழகத் தொடங்குங்கள். மங்கலான பொருளை நேராக உற்றுப் பார்த்தால் அது மறைந்துவிடும். சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்தால் தெரியும். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சிச் செல்களே இல்லை என்பதுதான் காரணம். இதைப் பக்கப் பார்வை என்கிறோம். முதல் சில நாட்கள் கண் அடம்பிடிக்கும், நேராகவே பார்க்கத் துடிக்கும். விடாமல் பழகினால் வந்துவிடும்.

2. கையால் அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

‘அந்த விண்மீனுக்குக் கொஞ்சம் தள்ளி’ என்றால் எவ்வளவு? வானத்தில் தொலைவைப் பாகையில் சொல்கிறோம், அதற்கு உங்கள் கையே அளவுகோல். கையை முழுவதும் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். சுண்டு விரலின் அகலம் சுமார் 1 பாகை. ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் சேர்ந்து 5 பாகை. மூடிய முஷ்டி 10 பாகை. விரித்த சாண் 20 பாகைக்குச் சற்று மேல். சிறுவர்களுக்குக் கை சிறியது என்றாலும் நீளமும் அதற்கேற்பக் குறைவு என்பதால் கணக்கு ஏறக்குறைய ஒத்தே வரும்.

முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான். எழும்போது அது எவ்வளவு பெரிதாகத் தோன்றினாலும் சுண்டு விரலை நீட்டி மறைத்துவிடலாம். செய்து பார்க்கும் வரை யாரும் இதை நம்புவதில்லை.

3. ஓரியனைக் கண்டுபிடியுங்கள்

டிசம்பர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை மாலை வானத்தில் ஓரியன் மண்டலம் தெரியும்; அதை ஒரு வேட்டைக்காரனின் உருவமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே அமையும் வானத்தின் நடுக்கோடு அதன் வழியாகவே செல்வதால், மக்கள் வாழும் எல்லாப் பகுதிகளிலிருந்தும் அதைப் பார்க்கலாம். வரிசையாக, கிட்டத்தட்டச் சம இடைவெளியில், ஏறத்தாழ ஒரே அளவு ஒளியுள்ள மூன்று விண்மீன்களைத் தேடுங்கள். அந்த வரிசையின் நீளம் 3 பாகைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடும். அதுதான் ஓரியனின் இடுப்புப் பட்டை.

பட்டைக்கு வடக்கே ஒரு முஷ்டி தொலைவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்வது திருவாதிரை. பட்டைக்குத் தெற்கே அதே அளவு தள்ளி நீலம் கலந்த வெண்மையில் இருப்பது ரைகல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். விண்மீன்களுக்கு நிறம் உண்டு என்பது அப்போதுதான் மனதில் பதியும். திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 3,500 கெல்வின், ரைகலுடையது சுமார் 12,000 கெல்வின். அந்த வேறுபாட்டைத்தான் நிறமாகப் பார்க்கிறீர்கள்.

இனிப் பட்டையை அம்பாக வைத்துக்கொண்டு பயணம் போகலாம். அதன் கோட்டைத் தென்கிழக்காக ஒரு சாண் நீட்டினால் சிரியஸ், இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீன். எதிர்ப்பக்கம், வடமேற்காக ஒரு சாண் நீட்டினால் மீண்டும் ஒரு செம்மஞ்சள் விண்மீன்: ரோகிணி. அதே திசையில் இன்னும் ஒரு முஷ்டிக்குச் சற்று மேல் போனால் சிறு கொத்தாகக் கார்த்திகை. ரைகலிலிருந்து திருவாதிரை வழியாக ஒரு கோடு போட்டு ஒன்றரைச் சாண் நீட்டினால், மூன்று விரல் இடைவெளியில் நிற்கும் இரட்டையரின் பக்கம் வந்து சேர்வீர்கள்: காஸ்டர், போலக்ஸ். நாம் புனர்பூசம் என்று சொல்வது இவர்களைத்தான். சிரியஸ், திருவாதிரை இரண்டோடும் கிட்டத்தட்டச் சமபக்க முக்கோணம் அமைக்கும் பிரகாசமான விண்மீன் புரோசியன். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் படித்தவை இப்போது இடமும் நிறமும் கொண்டவையாக ஆகிவிட்டன.

இந்த வழிகளில் எதற்கும் பொருந்தாமல் நிற்கும் பிரகாசமான, மினுக்காத ஒளிப்புள்ளி தென்பட்டால் அது பெரும்பாலும் ஒரு கோள். ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளில் அன்றைய வானத்தைப் பார்த்து உறுதி செய்யலாம். ஆனால் அதை வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். வானத்தின் கீழ் நின்றுகொண்டு திரையைப் பார்த்தால் திரையைத்தான் கற்றுக்கொள்வீர்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் ஓரியனுக்குப் பதில் விருச்சிகம். அதன் நெஞ்சில் சிவந்து நிற்பது கேட்டை. கீழே சொல்லும் பயிற்சிகளை அதை வைத்தும் செய்யலாம், திருவாதிரையைப் போலவே அதுவும் ஒளி மாறும் விண்மீன்தான்.

4. நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள்

எழுதாதவர் பார்த்தது நிலைக்காது. ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், இடம், வானத்தின் நிலை ஆகிய நான்கையும் முதலில் எழுதிவிடுங்கள். வானத்தின் நிலைக்கு ஓர் எளிய வழி: கார்த்திகையில் வெறும் கண்ணால் எத்தனை விண்மீன்கள் எண்ண முடிகிறது என்று குறியுங்கள். நல்ல கண்ணுக்கு, தெளிந்த வானில் ஆறு தெரியும். நகர வெளிச்சத்தில் மூன்று நான்குக்கு மேல் தெரியாது, சில நாள் வெறும் புகைப் பொட்டுதான். இதைவிட எளிதாக வானத்தின் தரத்தைக் குறிக்க முடியாது.

முதல் பயிற்சியாக இதைச் செய்யுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து, மேற்குப் பக்கச் சுவரின் விளிம்பிலோ கூரையின் முனையிலோ ஒரு விண்மீன் மறையும் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதுங்கள். தலை அசையாமலிருக்க ஒரு தூணில் சாய்ந்துகொள்ளுங்கள். மறுநாளும் அதே இடம், அதே சாய்வு. நேற்று 8.30-க்கு மறைந்த விண்மீன் இன்று 8.26-க்கே மறையும். பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற எடுத்துக்கொள்வது 24 மணி நேரம் இல்லை, 23 மணி 56 நிமிடம்தான் என்பதை இப்போது நீங்களே அளந்திருக்கிறீர்கள். சூரியனைச் சுற்றிப் பூமி நகர்வதால் வரும் அந்த நான்கு நிமிடம் ஒரு மாதத்தில் இரண்டு மணி நேரமாகிறது. ஓரியன் ஏன் ஏப்ரலுக்குப் பிறகு மாலையில் காணாமல் போகிறது என்பதற்கும் விடை அதுவே.

5. திருவாதிரையின் ஒளியை அளந்து பாருங்கள்

விண்மீனின் ஒளியை ஒளிப்பொலிவெண் என்ற அளவில் சொல்கிறோம். எண் குறைந்தால் ஒளி அதிகம். ஐந்து எண் வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக 100 மடங்கு வித்தியாசம். 1856-இல் நார்மன் போக்சன் இந்தக் கணக்கை வகுத்தார். சிரியஸ் -1.46, இருண்ட வானில் வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லை சுமார் 6.

திருவாதிரையின் எண் நிலையானதல்ல. அதனால் அதை அளக்கப் பக்கத்தில் உள்ள, ஏறக்குறைய மாறாத விண்மீன்களை அளவுகோலாக வைத்துக்கொள்கிறோம். புரோசியன் 0.34, ரோகிணி சுமார் 0.87, போலக்ஸ் 1.14, திருவாதிரை ஒரு தோள் என்றால் ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் 1.64. இந்த நான்கையும் நோட்டின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள்.

இப்போது கேள்வி ஒன்றுதான்: திருவாதிரை எந்த இரண்டுக்கு நடுவில் இருக்கிறது? புரோசியனைவிட மங்கல், ரோகிணியைவிடப் பிரகாசம் என்று தோன்றினால், விடை 0.34-க்கும் 0.87-க்கும் இடையில். சரிபாதியில் இருப்பதாகப் பட்டால் 0.6. ரோகிணிக்கு மிக அருகில் என்று பட்டால் 0.8. பத்தில் ஒரு பங்குக்கு மேல் நுணுக்கம் தேவையில்லை. எந்த இரண்டு விண்மீன்களோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் கூடவே எழுதுங்கள், எண் மட்டும் எழுதினால் பிறகு சரிபார்க்க வழியில்லை.

இதில் கண்ணை ஏமாற்றும் இரண்டு விஷயங்கள் உண்டு. சிவப்பு விண்மீனை நீண்ட நேரம் வெறித்துப் பார்த்தால் அது உள்ளதைவிடப் பிரகாசமாகத் தெரியத் தொடங்கும். ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டொரு நொடி பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவுங்கள். இரண்டாவது, தொடுவானத்துக்கு அருகில் உள்ள விண்மீனின் ஒளியைக் காற்று மண்டலம் விழுங்கிவிடும். ஒப்பிடும் விண்மீன்கள் எல்லாமே தொடுவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்கு மேல், முடிந்தவரை ஒரே உயரத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். முந்தைய வார எண்ணை நோட்டில் பார்க்காமல் புதிய எண்ணை எழுதுவதும் அவசியம். பழைய எண் தெரிந்துவிட்டால் கண் அதற்கே இணங்கிவிடும்.

பத்து நாளுக்கு ஒருமுறை செய்தால் போதும். பலன் என்ன என்று கேட்டால் 2019-ஆம் ஆண்டின் இறுதியைச் சொல்வேன். அப்போது திருவாதிரை மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் ஏறக்குறைய 1.6 வரை இறங்கியது. அதாவது இரண்டு தோள்களும் ஒரே ஒளியில் நின்றன. உலகம் முழுவதும் சாதாரண மக்கள் வெறும் கண்ணால் அதைக் கண்டார்கள். விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதன் ஒரு பகுதியை மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். சில மாதங்களில் ஒளி திரும்பிவிட்டது. அந்தச் சரிவைச் சந்தேகமின்றி அடையாளம் காண உதவியது பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த பதிவுகள், அவற்றில் பெரும்பகுதி தொழில்முறை வானியலாளர் அல்லாதவர்கள் எழுதியவை. 1911-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாறொளிர் விண்மீன் நோக்கர் சங்கம் இன்றும் எந்த நாட்டவரிடமிருந்தும் இத்தகைய கணிப்புகளைப் பெற்றுத் தொகுத்துவருகிறது. கை பழகியதும் உங்கள் எண்களையும் அனுப்புங்கள்.

6. பைனாகுலர்

ஒரு மாதமாவது இப்படிக் கழிந்த பிறகு பைனாகுலரைக் கையில் எடுங்கள். 7×50 அல்லது 10×50 போதும். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முகப்பு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இருட்டில் 7 மில்லிமீட்டர் விரியும் கண் பாவையோடு ஒப்பிட்டால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் சுமார் 50 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. 10 மடங்குக்கு மேல் உருப்பெருக்கம் வேண்டாம்; கை நடுக்கமும் அதே அளவு பெருகும்.

குவியப்படுத்துவதை முதல் நாளே முறையாகச் செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் உள்ள சக்கரத்தைத் திருகி, இடது கண்ணுக்கு ஒரு விண்மீன் கூர்மையான புள்ளியாகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு இடது கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருகுங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் இனி சக்கரம் ஒன்றே போதும். சாய்வு நாற்காலியில் படுத்தாற்போல் உட்கார்ந்து முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டால் விண்மீன்கள் துள்ளாமல் நிற்கும்.

முதலில் கார்த்திகை. ஆறு விண்மீன்கள் பல பத்தாகப் பெருகிக் காட்சிப் புலத்தில் நிறையும். அடுத்து, ஓரியனின் பட்டைக்குத் தெற்கே தொங்கும் வாளின் நடுப்பகுதி. அங்கே ஒரு விண்மீன் மட்டும் கூர்மைப்படாமல் சாம்பல் நிறப் பனிபோல் படர்ந்திருக்கும். சுமார் 1,340 ஒளியாண்டு தொலைவில் புதிய விண்மீன்கள் உருவாகிக்கொண்டிருக்கும் ஓரியன் நெபுலா அதுதான். புகைப்படங்களில் உள்ள சிவப்பும் ஊதாவும் தெரியாது. அவ்வளவு மங்கிய ஒளியில் கண்ணால் நிறம் பிரிக்க முடியாது. பக்கப் பார்வையைப் பயன்படுத்தி ஐந்து நிமிடம் பாருங்கள். பனியின் ஒரு விளிம்பு கூர்மையாகவும் மறு விளிம்பு கரைந்தும் இருப்பது மெல்லப் புலப்படும். நோட்டில் ஒரு வட்டம் போட்டுப் பிரகாசமான விண்மீன்களை முதலில் குறித்து, பிறகு பென்சிலை விரலால் தேய்த்து அந்தப் பனியை வரையுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. வரைய முயலும்போதுதான் கண் தேடுகிறது.

ஓர் எச்சரிக்கை. பைனாகுலரையோ தொலைநோக்கியையோ ஒரு நொடிகூடச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள், கண் நிரந்தரமாகப் போய்விடும். கிரகணக் கண்ணாடி அணிந்துகொண்டும் இவற்றின் வழியாகப் பார்க்கக் கூடாது. அது வெறும் கண்ணுக்காகச் செய்யப்பட்டது.

7. நிலவும் வியாழனும்

நிலவைப் பார்க்க முழுநிலவு நாள்தான் மிக மோசமானது. ஒளி நேர்மேலிருந்து விழுவதால் நிழலே இல்லாமல் எல்லாம் தட்டையாகிவிடும். வளர்பிறை அரைநிலவு நாளில், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டின் நடுப்பகுதிக்குச் சற்றுத் தெற்கே பாருங்கள். டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், ஆர்சாக்கல் என்ற மூன்று பள்ளங்கள் வரிசையாக நிழல் நிரம்பிக் கிடக்கும். அவற்றில் பெரியதான டாலமேயஸின் விட்டம் சுமார் 150 கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து அந்த நிழல் மறைந்துவிடும். கோட்டின் பக்கம் இப்போது 93 கிலோமீட்டர் அகலமுள்ள கோபர்நிக்கஸ் நிற்கும்.

வியாழன் தெரியும் மாதங்களில் பைனாகுலரைச் சுவரிலோ முக்காலியிலோ அசையாமல் நிறுத்திப் பாருங்கள். கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் ஒளிப்புள்ளிகள் தெரியும், அதிகபட்சம் நான்கு. 1610 ஜனவரி 7 அன்று கலிலியோ மூன்றைப் பார்த்தார், 13-ஆம் தேதிதான் நான்காவதைக் கண்டார். தினமும் ஒரு வரியில் நடுவில் வட்டமும் பக்கத்தில் புள்ளிகளுமாக வரைந்து, ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்குங்கள். அயோ 1.77 நாளில் சுற்றிவிடும், கலிஸ்டோவுக்கு 16.7 நாள் ஆகும். இரண்டு வாரப் பக்கத்தைப் பார்த்தால், மிக வெளியே போய்த் திரும்பும் புள்ளி எது என்று யாரும் சொல்லாமலே கண்டுபிடிப்பீர்கள்.

8. இப்போது தொலைநோக்கி

இவ்வளவும் செய்து, இன்னும் ஆசை அடங்கவில்லை என்றால் வாங்குங்கள். பெட்டியின் மேல் ‘500 மடங்கு’ என்று அச்சிட்டிருக்கும் 60 மில்லிமீட்டர் குழாயை மட்டும் வேண்டாம். பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை முகப்பு விட்டத்தின் மில்லிமீட்டர் எண்ணைப் போல் இரண்டு மடங்கு. 60 மில்லிமீட்டருக்கு 120. அதற்கு மேல் உருவம் பெரிதாகும், மங்கலாகும், புதிதாக எதுவும் தெரியாது. பார்க்க வேண்டியது விட்டத்தையும், தாங்கி ஆடாமல் நிற்கிறதா என்பதையும்தான். தொடங்குபவருக்கு 150 மில்லிமீட்டர் டாப்சோனியனைப் பரிந்துரைப்பேன். மரப்பெட்டியில் உட்காரும் எளிய அமைப்பு, கையால் தள்ளினால் திரும்பும், பணம் முழுவதும் ஒளியைக் குவிக்கும் ஆடியில் (கண்ணாடியில்) போகிறது.

பெரிய குழாயின் மேல் பொருத்தியிருக்கும், குறிபார்க்க உதவும் சிறு குழாயான தேடுகருவியைப் பகலிலேயே சரிசெய்துவிடுங்கள். சூரியனுக்கு எதிர்த்திசையில் தொலைவில் உள்ள ஒரு கோபுர உச்சியைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து, பிறகு தேடுகருவியின் திருகுகளைத் திருப்பி அதே உச்சியைக் குறுக்குக்கோட்டில் நிறுத்துங்கள். இருட்டில் இதைச் செய்யப் போனால் அன்றைய இரவு அதிலேயே போய்விடும். குழாயை அரை மணி முன்னதாக வெளியே வைத்துவிடுங்கள். ஆடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும் வரை படம் கொதித்துக்கொண்டே இருக்கும்.

குழாயின் குவியத்தூரத்தைக் கண்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்தால் வருவது உருப்பெருக்கம். 1,200 மில்லிமீட்டர் குழாயில் 25 மில்லிமீட்டர் கண்வில்லை போட்டால் 48 மடங்கு. எப்போதும் அதிலிருந்தே தொடங்குங்கள். சனியின் வளையம் அதிலேயே தனியாகத் தெரியும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பை மட்டும் காட்டியது; அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு அகன்றுவருகிறது. நோட்டில் ஒவ்வொரு பருவமும் ஒரு படம் வரைந்துவந்தால் அந்த அகலம் மாறுவதும் உங்கள் பதிவாகச் சேரும்.

முடிந்ததும் ஆடியிலோ லென்ஸிலோ பனி படிந்திருந்தால் துடைக்காதீர்கள், கீறல் விழும். வீட்டுக்குள் கொண்டுவந்து, முகப்பைக் கீழ்நோக்கிச் சாய்த்துத் தானாக உலரவிட்டு, பிறகு மூடியைப் போடுங்கள்.